எந்த நோயை எதிர்க்கும் மரம்? வீட்டுத் தோட்டத்து ஆப்பிளும் அதன் எதிர்ப்புத் திறனும்

ஓர் ஆப்பிள் மரம் தன் வாழ்நாளில் எந்தெந்த நோய்களால் வாடும், எவற்றிலிருந்து தப்பும் என்பது, கன்று குழியில் இறங்குவதற்கு முன்பே, இன்ன ரகம் வேண்டும் என்று வாங்குபவர் முடிவு செய்யும் அந்நாளிலேயே பெரும்பாலும் உறுதியாகிவிடுகிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்கு மாநிலங்களிலும் நடுமேற்கு மாநிலங்களிலும், அதாவது நியூயார்க், நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, இல்லினாய், இந்தியானா முதலிய இடங்களில், மரம் தளிர்க்கும் இளவேனிலும் மழைக்காலமும் ஒன்றாகவே வருவதால், அங்கே வீட்டுக் கொல்லையில் பழைய ரகம் ஒன்றை ஆசையோடு நட்டவர், சில ஆண்டுகளில் இலைகள் கோடை நடுவிலேயே புள்ளி விழுந்து உதிர்வதையும், காய்கள் சொறி பிடித்து வெடிப்பதையும் காண நேர்கிறது. அப்பகுதிகளின் வணிகத் தோட்டக்காரர்கள் ஒரு பருவத்தில் பத்து முறை அளவுக்குப் பூசணக்கொல்லி தெளித்தே பளபளக்கும் பழத்தைச் சந்தைக்கு அனுப்புகின்றனர். குழந்தைகள் விளையாடும் புல்வெளியின் ஓரத்தில் நிற்கும் ஒற்றை மரத்துக்கு அவ்வளவு மருந்து தெளிப்பது இயலாத செயல் மட்டுமன்று, வேண்டாத செயலும் ஆகும். நோயை எதிர்க்கும் ரகங்கள் முதலில் பெருந்தோட்டங்களை எண்ணியே உருவாக்கப்பட்டன என்றாலும், அவற்றின் உண்மையான இடம் வீட்டுத் தோட்டமே என்பது இவ்வுரையின் கருத்து. அந்த எதிர்ப்புத் திறன் எங்கிருந்து வந்தது, எதுவரை செல்லும், அதைக் காப்பதில் வீட்டுத் தோட்டக்காரரின் பங்கு யாது என்பவை இங்கு விளக்கப்படுகின்றன.

முதலில் சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். நோய்க்கிருமி மரத்தின் திசுவுக்குள் புகுந்து பெருகுவதை மரமே தடுத்து நிறுத்தினால் அது எதிர்ப்புத் திறன் எனப்படும். கிருமி புகுந்து பெருகியும், விளைச்சலைப் பெரிதும் இழக்காமல் மரம் சமாளித்துக்கொண்டால் அது தாங்குதிறன் எனப்படும். நாற்றங்கால்களின் விளம்பரத் தாள்களில் இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்தே வழங்குகின்றன. அதைவிடப் பெரிய குழப்பம், ‘நோய் எதிர்ப்பு மரம்’ என்ற தொடரிலேயே உள்ளது. எல்லா நோயையும் எதிர்க்கும் மரம் என்று ஒன்று கிடையாது. ஒரு குறிப்பிட்ட ரகம் ஒரு குறிப்பிட்ட நோயை எதிர்க்கும், அடுத்த நோய்க்கு எளிதில் இரையாகும். ஆகவே கன்று வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி, இம்மரம் நோயை எதிர்க்குமா என்பதன்று, எந்த நோயை எதிர்க்கும் என்பதே.

ஈரமான குளிர்நாடுகளில் ஆப்பிளின் முதன்மைப் பகை சொறிநோய். வென்ச்சூரியா இனீக்வாலிஸ் என்னும் பூசணத்தால் உண்டாகும் இந்நோயின் போக்கை அறிந்தால், எதிர்ப்பு ரகத்தின் மதிப்பும் அதன் வரம்பும் ஒருங்கே விளங்கும். இப்பூசணம் குளிர்காலத்தை மரத்தில் கழிப்பதில்லை. முந்தைய ஆண்டு உதிர்ந்து தரையில் கிடக்கும் நோயுற்ற இலைகளுக்குள் நுண்ணிய குடுவை போன்ற உறைகளை அமைத்து, அவற்றினுள் வித்துக்களை உருவாக்கிக் காத்திருக்கிறது. பூசண வித்து என்பது கண்ணுக்குத் தெரியாத அளவுடைய, காற்றில் பரவும் இனப்பெருக்க அணு. இளவேனில் மழை அந்தப் பழைய இலைகளை நனைத்தவுடன் வித்துக்கள் மேல்நோக்கிச் சுண்டி எறியப்படுகின்றன. அந்நேரத்தில் மேலே மொட்டு விரிந்து இளந்தளிர் வெளிவந்திருக்கும். தளிரின் மேல் விழுந்த வித்து முளைப்பதற்கு நீர்ப்படலம் வேண்டும். ஆனால் நனைந்த மாத்திரத்தில் நோய் வந்துவிடுவதில்லை. ஈரம் எத்தனை மணி நேரம் நீடிக்கிறது, அப்போது வெப்பநிலை என்ன என்பவை சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன.

இந்தக் கணக்கை கார்னெல் பல்கலைக்கழகத்தின் டபிள்யூ. டி. மில்ஸ் 1944இல் அட்டவணையாக வெளியிட்டார். வெப்பநிலை 16 முதல் 24 பாகை செல்சியஸ் வரை இருக்கையில் இலை ஏறத்தாழ 9 மணி நேரம் தொடர்ந்து நனைந்திருந்தால் தொற்று தொடங்கும் என்றும், 10 பாகையில் அதற்கு ஏறத்தாழ 14 மணி நேரம் வேண்டும் என்றும் அவ்வட்டவணை காட்டிற்று. பிற்கால ஆய்வுகள் இந்நேரத்தை இன்னும் குறைத்துள்ளன. மாலையில் தொடங்கிய மழை விடியும்வரை தூறினாலே போதும் என்பது இதன் பொருள். தொற்றிய இடத்தில் சில வாரங்களில் ஆலிவ் பச்சை நிறத்தில் வெல்வெட் போன்ற புள்ளி தோன்றி, அதிலிருந்து இரண்டாம் தலைமுறை வித்துக்கள் அடுத்தடுத்த மழைத்துளிகளால் மரம் முழுவதும் சிதறுகின்றன. காயின் தோலில் அவை தக்கை போல் தடித்த கருந்தழும்புகளாகின்றன. தழும்பு வளராமல் காய் மட்டும் வளர்வதால் அவ்விடம் வெடிக்கிறது.

இந்நோயை முற்றிலும் எதிர்க்கும் திறன், உண்பதற்கு ஏற்ற ஆப்பிள் ஒன்றிலிருந்து கிடைக்கவில்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சி. எஸ். கிராண்டால், 1914ஆம் ஆண்டில் ரோம் பியூட்டி என்னும் சந்தை ரகத்தோடு, மாலஸ் ஃப்ளோரிபண்டா என்னும் ஜப்பானியச் சிற்றாப்பிளின் 821 என்ற எண் கொண்ட மரத்தைக் கலந்தார். சிற்றாப்பிள் என்பது பூவழகுக்காக வளர்க்கப்படும், கொட்டைப்பாக்கையும்விடச் சிறிய காய் காய்க்கும் ஆப்பிள் இனம். அதன் காயை மனிதர் விரும்பி உண்பதில்லை. கிராண்டால் சொறிநோயை எண்ணி இக்கலப்பைச் செய்தாரில்லை. ஆப்பிளின் மரபுப் பண்புகள் எவ்வாறு வழிவழியாக இறங்குகின்றன என்பதையே அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அக்கலப்பின் வழித்தோன்றல்கள் பல ஆண்டுகள் ஆய்வுத் தோட்டத்தில் நின்றன. 1940களின் தொடக்கத்தில், சுற்றியிருந்த மரங்களெல்லாம் சொறி பிடித்திருக்க, அவ்வழித்தோன்றல்களில் ஏறக்குறையப் பாதி மரங்கள் மாசின்றி நிற்பதை எல். எஃப். ஹஃப் என்னும் ஆய்வாளர் கண்டு, அவ்வியல்பு ஒரே ஒரு மரபணுவால் இறங்குவதை 1944இல் எடுத்துரைத்தார். வேறொன்றைத் தேடிச் செய்யப்பட்ட கலப்பு ஒன்று, வெட்டி அகற்றப்படாமல் முப்பது ஆண்டுகள் நிலத்தில் விட்டுவைக்கப்பட்டதனாலேயே இந்தக் கண்டுபிடிப்பு வாய்த்தது. உடனடிப் பயன் தராத மரத்தையும் காத்துவைக்கும் ஆய்வு நிலையங்களின் பொறுமைக்கு இதைவிடச் சிறந்த சான்று காண்பது அரிது.

அம்மரபணுவுக்கு வி.எஃப். என்று பெயரிடப்பட்டது, அண்மைக்கால வழக்கில் அது ஆர்விஐ6 எனப்படுகிறது. அது செயற்படும் முறையைச் சுருக்கமாகச் சொல்வதானால், பூசணம் உள்ளே புக முயல்கையில் வெளியிடும் ஒரு பொருளை இலையின் செல்கள் இனங்கண்டு, தொற்றிய இடத்தைச் சுற்றியுள்ள ஒரு சில செல்களை மடியவிட்டுப் பூசணத்தை அங்கேயே பட்டினி போடுகின்றன. ஊசி முனையளவு குழி ஒன்று இலையில் தோன்றுவதோடு நோய் முடிந்துவிடுகிறது. இம்மரபணுவை நல்ல பழத்துக்குள் கொண்டுவருவதற்காக இந்தியானாவின் பர்டூ, நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ், இல்லினாய் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் கூடி ஒரு கூட்டுத் திட்டத்தை மேற்கொண்டன; மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளால் அது பி.ஆர்.ஐ. எனப்பட்டது. பர்டூவின் ஜே. ஆர். ஷேயும், பின்னர் ரட்கர்ஸ் சென்ற ஹஃப்பும் அதன் தூண்களாயினர்.

அவ்வேலையின் அளவை இன்று மதிப்பிடுவது எளிதன்று. சிற்றாப்பிளின் சிறுமையும் துவர்ப்பும் நீங்க, ஒவ்வொரு தலைமுறையிலும் நல்ல ரகம் ஒன்றோடு மீண்டும் மீண்டும் கலக்க வேண்டும். ஆனால் ஆப்பிள் நெருங்கிய உறவில் கலக்கப்படின் நலிவுறும் மரமாதலால், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு ரகத்தைத் துணையாகக் கொள்ள வேண்டும். விதையிலிருந்து முளைத்த ஆப்பிள் கன்று முதற்பூ பூப்பதற்கே ஐந்து முதல் பத்து ஆண்டுகள் ஆகும். இளங்கன்றுகளின் மேல் பசுமைக்குடிலில் பூசண வித்துக்களைத் தெளித்து, சொறி பிடித்தவற்றைக் களைந்துவிட்டு, எஞ்சியவற்றை மட்டும் நிலத்தில் நட்டுக் காய்க்கும்வரை காத்திருந்தனர். முதல் ரகமாகிய பிரைமா 1970இல் வெளிவந்தபோது, கிராண்டாலின் கலப்பு நிகழ்ந்து 56 ஆண்டுகள் கழிந்திருந்தன.

வீட்டுத் தோட்டத்துக்கு மிகவும் பொருந்தியதாகப் பெயர்பெற்ற லிபர்ட்டி ரகம் இத்திட்டத்தின் கன்று ஒன்றிலிருந்தே பிறந்தது. நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா நகரில் உள்ள கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு நிலையத்தில், மக்கூன் என்னும் ரகத்தோடு பி.ஆர்.ஐ. 54-12 என்னும் கன்று 1955இல் கலக்கப்பட்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட மரம் 1978இல் லிபர்ட்டி என்ற பெயரில் வெளியிடப்பட்டது. மக்கூனின் பெற்றோருள் ஒன்று மெக்கின்டாஷ். சொறிநோய்க்கு அதைப்போல் எளிதில் ஆட்படும் ரகங்கள் சிலவே. அந்த மெக்கின்டாஷின் மணத்தையும் வெண்சதையையும் பெற்று, அதன் நோயை மட்டும் பெறாத பேரப்பிள்ளை லிபர்ட்டி. சொறிநோயை முழுதாகவும், துருநோயையும் தீக்கருகலையும் நன்றாகவும், சாம்பல் நோயை ஓரளவும் அது எதிர்க்கிறது. கடைத்தெருவில் காலா, ஃபூஜி போன்றவை பெற்ற இடத்தை அது பெறவில்லை. வணிகம் நீண்ட பயணத்தையும் ஒரே சீரான நிறத்தையும் கேட்கிறது. வீட்டு மரமோ கொல்லையிலிருந்து அடுக்களை வரை பயணம் செய்தால் போதும்.

இந்த நான்கு நோய்களுள் சொறிநோயை மட்டும் எண்ணித் தேர்ந்தால் நேரும் பிழைக்கு பிரைமாவே எடுத்துக்காட்டு. சொறிநோயை வென்ற அந்த ரகம் துருநோய்க்கு மிக எளிதில் ஆட்படுகிறது. துருநோய் விந்தையான வாழ்க்கை உடையது. ஆப்பிளிலிருந்து இன்னோர் ஆப்பிளுக்கு அது நேரே தாவ முடியாது. கிழக்கத்திய செஞ்சீடர் எனப்படும், உண்மையில் ஜூனிபர் வகையைச் சேர்ந்த மரத்துக்குச் சென்று, அங்கே உருண்டையான முடிச்சுகளாக வளர்ந்து, பின்னர் ஓர் இளவேனில் மழையில் அம்முடிச்சுகளிலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் கூழ் போன்ற கொம்புகளை நீட்டி, அவற்றின் வித்துக்களைக் காற்றில் விட்டே ஆப்பிளை மீண்டும் அடைகிறது. வர்ஜீனியா மாநிலம் தன் ஆப்பிள் தோட்டங்களைக் காக்க 1914இல் ஒரு சட்டம் இயற்றி, தோட்டங்களுக்கு அருகில் நோயுற்ற செஞ்சீடர் மரங்களை உரிமையாளர் வெட்ட வேண்டும் என ஆணையிட்டது. மரத்தை இழந்தோர் தொடுத்த வழக்கில், அம்மரங்களின் மதிப்புக்கு ஈடு தர வேண்டியதில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1928இல் தீர்ப்பளித்தது. பக்கத்து வீட்டு வேலியில் நிற்கும் செஞ்சீடரை வெட்டச் சொல்வது எளிதன்று. லிபர்ட்டியையோ, துருநோயை எதிர்க்கும் என்டர்பிரைஸ் என்னும் ரகத்தையோ நட்டுக்கொண்டால் சொல்ல வேண்டிய தேவையும் எழாது. வேலியோரம் செஞ்சீடர் நிறைந்த ஊரில் பிரைமாவையோ, அதைப்போலவே துருவுக்கு ஆட்படும் கோல்ட்ரஷ் என்னும் ரகத்தையோ நடுபவர் சொறியைத் தவிர்த்துத் துருவை வரவழைத்துக்கொள்கிறார்.

தீக்கருகல் இவையனைத்திலும் கொடியது. ஏனெனில் மற்றவை இலையையும் காயையும் கெடுக்க, இது மரத்தையே கொல்கிறது. எர்வினியா அமைலோவோரா என்னும் பாக்டீரியா, வெதுவெதுப்பும் ஈரமும் கூடிய பூக்காலத்தில் பூவின் தேன்சுரப்பி வழியாகப் புகுந்து, கிளைக்குள் இறங்கி, தளிர் நுனியை இடையனின் துரட்டிக்கோல் போல் வளைத்துக் கருக்கிவிடுகிறது. ஐரோப்பியர் ஆப்பிளையும் பேரியையும் வட அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த பின், உள்நாட்டுச் செடிகளிலிருந்து இந்நோய் அவற்றுக்குத் தாவியது. இதற்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் எடுத்துக்காட்டிய டி. ஜே. பர்ரில், பின்னாளில் கிராண்டால் பணிபுரிந்த அதே இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். செடிகளுக்கும் பாக்டீரியாவால் நோய் வரும் என்பதை உலகுக்குக் காட்டிய முதல் ஆய்வு அது. கருகல் கண்ட கிளையை, கருகிய இடத்துக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் கீழே, நலமாய்த் தோன்றும் பகுதியிலேயே, வறண்ட நாளில் வெட்டி அகற்ற வேண்டும். மிகுந்த தழைச்சத்து உரமிட்டு மரத்தைக் கொழுக்க வைப்பது இந்நோயை வரவேற்பதாகும். சாம்பல் நோய், அதாவது தளிரின் மேல் வெண்பொடி படியும் நோய், இப்பகுதிகளில் அத்துணை அச்சம் தருவதன்று.

இவற்றையெல்லாம் சீர்தூக்கினால், வீட்டுத் தோட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கத்தக்கவை சிலவே. செப்டம்பர் இறுதியில் பழுக்கும் லிபர்ட்டி முதலிடம் பெறும். பி.ஆர்.ஐ. திட்டத்திலிருந்து 1990களில் வந்த என்டர்பிரைஸ், தடித்த தோலும் தீக்கருகலை எதிர்க்கும் சிறந்த திறனும் உடையது. அக்டோபரில் பழுத்துக் குளிர்காலம் முழுதும் கெடாமல் இருக்கும். அதே காலத்தில் வந்த கோல்ட்ரஷ், துருநோய்க்கு ஆட்படினும், சுவையில் இவ்வரிசையில் தலையாயது என்று கொள்ளத்தக்கது. பறித்த அன்று புளிப்பு மிகுந்து நாவைக் கூசவைக்கும் அப்பழம், குளிரறையில் மாதங்கள் செல்லச் செல்ல இனிமையும் மணமும் ஏறி, மறு இளவேனில் வரை உறுதி குன்றாமல் இருக்கும். செஞ்சீடர் இல்லாத ஊரில் இதை நடாமல் விடுவது இழப்பே.

ரகத்தை மட்டும் தேர்ந்தால் பாதி மரமே தேர்ந்ததாகும். கடைகளில் கிடைக்கும் ஆப்பிள் கன்று ஒவ்வொன்றும் இரண்டு மரங்களின் கூட்டு: மேலே பழம் தரும் ரகத்தின் ஒட்டுக்குச்சி, கீழே வேராக நிற்கும் வேர்ச்செடி. மரம் எவ்வளவு உயரம் வளரும், எத்தனை ஆண்டில் காய்க்கும் என்பவற்றை வேர்ச்செடியே பெரிதும் வரையறுக்கிறது. இங்கிலாந்தின் கென்ட் வட்டாரத்தில் உள்ள கிழக்கு மாலிங் ஆய்வு நிலையத்தில், பல பெயர்களில் குழம்பிக் கிடந்த வேர்ச்செடிகளை ரொனால்ட் ஹாட்டன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகைப்படுத்தி எண்ணிட்டார், அவற்றுள் எம்.9 உலகெங்கும் பரவியது. அது மரத்தை ஆளுயரத்தைவிடச் சற்றே கூடுதலாக மட்டும் வளரவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே காய்க்கவைக்கும். ஆனால் வேர்ப்பிடி வலுவற்றதாதலால் வாழ்நாள் முழுதும் முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டும். அதைவிடப் பெரிய குறை, தீக்கருகலுக்கு அது எளிதில் இரையாவது. மேலே கருகலை எதிர்க்கும் ரகமும் கீழே கருகலுக்கு ஆட்படும் வேரும் இருந்தால், கிளையில் கருகல் தோன்றாமலே அடிமரத்தில் நோய் பிடித்து மரம் முழுதும் மடியக்கூடும். இக்குறையை நீக்குவதற்காகவே லிபர்ட்டி பிறந்த அதே ஜெனீவா நிலையம், தீக்கருகலைத் தாங்கும் வேர்ச்செடிகளை உருவாக்கிற்று, ஜி.41, ஜி.11, ஜி.935 என்பன அவற்றுட் சில. விலைப்பட்டியலில் ரகத்தின் பெயரை மட்டும் அச்சிட்டு, வேர்ச்செடியை வெறுமனே ‘குட்டை’ என்று குறிக்கும் கடையில் கன்று வாங்காமல் இருப்பது நன்று.

இந்த மரங்கள் எங்கும் வளர்வன அல்ல. குளிர்காலத்தில் ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே பல நூறு மணி நேரம் கழிந்தாலன்றி இவற்றின் மொட்டுகள் சரிவர விழிப்பதில்லை. ஆகவே தமிழகத்துச் சமவெளியில் லிபர்ட்டியை நட்டுப் பயன் இல்லை. ஆயினும் சொறிநோயின் கதை தமிழர் வீடுகளுக்கு முற்றிலும் தொலைவானதன்று. தமிழகச் சந்தைகளுக்கு ஆப்பிள் அனுப்பும் காஷ்மீரத்தில் 1973இலும், இமாசலப் பிரதேசத்தில் 1983இலும் இந்நோய் கொள்ளைநோயாகப் பரவி விளைச்சலைச் சூறையாடிற்று. அமெரிக்காவிலிருந்து வந்து கோட்கட் மலைப்பகுதியில் குடியேறிய சத்யானந்த் ஸ்டோக்ஸ் அங்கே அறிமுகப்படுத்திய டெலிசியஸ் வகை ரகங்கள் இமாசலத்து உழவர்களுக்குப் பெருவாழ்வு தந்தன; அதே வகை மலைச்சரிவுகள் முழுதும் நிறைந்திருந்ததே நோய் காட்டுத்தீயாய்ப் பரவுவதற்கும் இடந்தந்தது.

நடும் முறைக்கு வருவோமாயின், நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் படும், காற்று தங்குதடையின்றி உலாவும் இடமே ஏற்றது. வெயிலும் காற்றும் இங்கே மருந்தாகும். மழை நின்றபின் இலை எத்தனை விரைவில் உலர்கிறதோ, மில்ஸின் அட்டவணைப்படி நோய்க்கு அத்தனை குறைவான வாய்ப்பே உண்டு. நீர் தேங்கும் பள்ளம் ஆகாது. மண்ணின் கார அமில நிலை 6க்கும் 7க்கும் இடையில் இருப்பது நலம். மொட்டு விழிப்பதற்கு முன், மண் உழத்தக்க அளவுக்கு இளகிய இளவேனில் தொடக்கத்தில், மண்கட்டு இல்லாமல் வெறும் வேரோடு வரும் கன்றுகளை நடுவது அங்குள்ள வழக்கம். ஒட்டுக்கட்டிய இடம், அதாவது அடிமரத்தில் சற்றே புடைத்து வளைந்திருக்கும் முடிச்சு, மண்ணுக்கு மேலே 5 முதல் 10 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்குமாறு நட வேண்டும். அது மண்ணுள் புதைந்தால் மேல்ரகம் தானே வேர்விட்டு, கீழுள்ள வேர்ச்செடியின் கட்டுப்பாட்டை மீறி மரம் பேருருக்கொள்ளும். அரிய வேர்ச்செடியைத் தேடி வாங்கியதன் பயன் அந்த ஒரு பிழையால் போய்விடும். மரத்தைச் சுற்றிப் புல்லை அகற்றி மரச்சீவல் மூடாக்கு இடலாம். ஆனால் மூடாக்கு அடிமரத்தைத் தொடக்கூடாது. பனிக்காலத்தில் வயலெலிகள் அதனுள் ஒளிந்து பட்டையைச் சுற்றிலும் கொறித்துவிடும் என்பதால், அடிமரத்துக்குக் கம்பிவலை கட்டாயம் வேண்டும்.

ஒற்றை ஆப்பிள் மரம் பூத்துக் குலுங்கியும் காய்க்காமல் போவதுண்டு. ஆப்பிள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. ஒரே ரகத்தின் இரண்டு மரங்களும் மரபில் ஒரே மரமே ஆதலால், அவை ஒன்றுக்கொன்று உதவா. அதே காலத்தில் பூக்கும் வேறொரு ரகம், அல்லது சிற்றாப்பிள் மரம் ஒன்று, தேனீ பறக்கும் தொலைவில் இருக்க வேண்டும். இடம் குறுகிய கொல்லையில் லிபர்ட்டியின் ஒரு கிளையிலேயே என்டர்பிரைஸ் குச்சியை ஒட்டுக்கட்டிவிடுவதும் ஒரு வழி.

கவாத்து, அதாவது கிளைகளைத் திட்டமிட்டு வெட்டுதல், குளிர்கால இறுதியில் செய்யப்படுவது. நடுத்தண்டு ஒன்று நிமிர்ந்து நிற்க, கிளைகள் சுற்றிலும் அகன்று அடுக்கடுக்காய் அமைந்து, கீழ்க்கிளை மேற்கிளையைவிட நீண்டிருந்தால், ஒவ்வோர் இலைக்கும் ஒளி கிட்டும். லிபர்ட்டி தன் சக்திக்கு மீறிக் காய்பிடிக்கும் இயல்புடையது. இயற்கையாக உதிர்வன உதிர்ந்தபின், ஒரு கொத்தில் ஒரு காய், காய்க்கும் காய்க்கும் இடையே ஏறத்தாழ 15 முதல் 20 சென்டிமீட்டர் இடைவெளி என்ற அளவில் மற்றவற்றைக் கைகளாலே கிள்ளி எறிய வேண்டும். காய்த்த காயைக் கிள்ளுவதற்கு மனம் ஒப்பாதுதான். கிள்ளாத மரமோ இவ்வாண்டு நெல்லிக்காய் அளவில் குவித்துத் தந்துவிட்டு மறு ஆண்டு வெறுங்கையோடு நிற்கும்.

எதிர்ப்பு ரகம் என்று நம்பி நட்டவர் பலர் முதல் விளைச்சலில் ஏமாற்றம் அடைவது நோயினால் அன்று, பூச்சியினால். காயைத் துளைத்து விதைக்குடிலை அடையும் அந்துப்பூச்சியின் புழுவுக்கும், இளங்காயில் பிறைவடிவக் கீறலிட்டு முட்டையிடும் மூக்கு வண்டுக்கும், சதைக்குள் பழுப்புத் தடம் போடும் ஆப்பிள் ஈயின் புழுவுக்கும் வி.எஃப். மரபணு ஒரு தடையே அன்று. சில மரங்களே உடையவர்க்கு எளிய வழி, காய் களைந்தவுடன் எஞ்சியவற்றுக்குக் காகித உறையோ துணி உறையோ கட்டிவிடுவது. கயோலின் என்னும் வெண்களிமண் கரைசலைத் தெளித்துக் காயின் மேல் பூச்சாகப் படியவிடுவதும் வழக்கில் உள்ளது. கோடை இறுதியில் தோலில் படியும் புகைக்கறை போன்ற பூசணம் தோலோடு நின்றுவிடுவது. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். அதற்காக மருந்து தெளிப்பது வீண்.

எஞ்சியிருப்பது எதிர்ப்புத் திறனின் நிலைபேறு பற்றிய செய்தி. இவ்வுரையின் மையமும் அதுவே. பிரைமாவும் லிபர்ட்டியும் அவற்றின் உறவினவும் சொறிநோயைத் தடுப்பது ஏறக்குறைய ஒரே மரபணுவைக் கொண்டுதான். பூட்டு ஒன்றே எனில், அதற்குச் சாவி செய்யும் பூசணம் ஒருநாள் தோன்றுவது இயல்பே. ஜெர்மனியின் ஆரன்ஸ்பர்க்கில் அத்தகைய பூசணம் தோன்றியது 1993இல் அறிவிக்கப்பட்டது. ஆறாம் வகை என்று பெயர்பெற்ற அது, வி.எஃப். மரபணுவைக் கொண்ட ரகங்களில் தடையின்றிச் சொறியை உண்டாக்கியது. ஆனால் தாய்மரமாகிய சிற்றாப்பிள் 821 அதற்கு ஆட்படவில்லை. அம்மரத்தில் இன்னொரு மரபணுவும் துணைநின்றது. அரை நூற்றாண்டுக் கலப்பில் ஒன்று மட்டும் வழித்தோன்றல்களுக்கு வந்து சேர, மற்றது இடைவழியில் தவறிவிட்டது. அதன் பின்னர் வி.எஃப். மரபணுவை வெல்லும் பூசணம் ஐரோப்பாவின் பல பகுதிகளில் காணப்பட்டுள்ளது. இன்றைய ஆய்வாளர் ஒரே மரத்தில் இரண்டு மூன்று எதிர்ப்பு மரபணுக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முயல்வதும், எந்த ஊரில் எந்த மரபணு முறியடிக்கப்பட்டுள்ளது என்பதைக் கண்காணிக்க 2009 முதல் வின்குவெஸ்ட் என்னும் பன்னாட்டு வலையமைப்பு இயங்கிவருவதும் இதனாலேயே.

இதில் வீட்டுத் தோட்டக்காரர் செய்யக்கூடியது சிறிதன்று. புதிய வகைப் பூசணம் பெருந்திரளில் ஒன்றாகத் தோன்றுவது. வித்துக்களின் திரள் குறைந்தால் அது தோன்றும் வாய்ப்பும் குறைகிறது. அத்திரள் குளிர்காலத்தைக் கழிப்பது உதிர்ந்த இலைகளில் என்பது முன்னரே சொல்லப்பட்டது. ஆகவே லிபர்ட்டியின் இலைகள் மாசற்றனவாய்த் தோன்றினும், நவம்பரில் உதிர்ந்த அவற்றையும், அண்டையில் ஒரு பழைய மெக்கின்டாஷ் நின்றால் குறிப்பாக அதன் இலைகளையும், வாரி அகற்றலாம். அல்லது புல்வெட்டும் எந்திரத்தால் தூளாக்கி மண்ணோடு விடலாம். தூளான இலையை மண்புழுக்கள் இழுத்துச்சென்று இளவேனிலுக்குள் உண்டு தீர்க்கின்றன. இலைகளின் மேல் நூற்றுக்கு ஐந்து பங்கு யூரியா கரைசல் தெளித்தால் மட்குதல் இன்னும் விரைந்து, வித்து உருவாவது பெருமளவு தடைப்படுகிறது. எதிர்ப்பு ரகம் இருக்கையில் இவ்வேலை எதற்கு என்று கேட்பவர், அம்மரபணுவைப் பழத்துக்குள் கொண்டுவர ஆன 56 ஆண்டுகளை நினைவில் கொள்வாராக.

இலைகளின் அடிப்புறத்தையும் மேற்புறத்தையும் மே, ஜூன் மாதங்களில் ஒரு முறையேனும் புரட்டிப் பார்ப்பது நல்லது. லிபர்ட்டியின் இலையில் ஊசிக்குழி தெரிந்தால் மரம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம்; ஆனால் ஆலிவ் பச்சை நிறத்தில், வெல்வெட் போல் மென்மயிருடன் பரவும் புள்ளி ஒன்று தெரிந்தால், அந்த இலையைக் கிள்ளிக் காகித உறையில் இட்டு, வேளாண் விரிவாக்க அலுவலகத்துக்கு, அதாவது மாநிலப் பல்கலைக்கழகங்கள் உழவர்க்கென மாவட்டந்தோறும் நடத்தும் ஆலோசனை நிலையத்துக்கு, எடுத்துச் செல்ல வேண்டும். பழைய ரகத்தில் காணும் சொறி யாருக்கும் செய்தியன்று. லிபர்ட்டியில் காணும் சொறி, அந்த ஊருக்குள் எந்தப் பூசணம் வந்து சேர்ந்திருக்கிறது என்பதை ஆய்வாளருக்கு முதன்முதலில் அறிவிக்கும் இலையாக இருக்கலாம்.